இருபத்துநாலில் ஒன்று

முதல் பருவத்தில் கேட்டது ஒரு கனசதுரம்.
ஐந்து சென்டிமீட்டர். வெள்ளை ஸ்டைரீன்.
இவ்வளவுதானா என்று சிரித்தோம்.
நான்காவதும் கோணியபோது
பட்டறையில் சிரிக்க ஆளில்லை.
டெக்லன் தன்னுடையதைக் குப்பையில் எறிந்துவிட்டு
குனிந்து எடுத்து
மறுபடி அளந்தான்.

அரை மில்லிமீட்டரை
ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த கை என்னுடையது.
இப்போது தெரியும்,
பென்சில் கோட்டுக்கும் இரண்டு கரை உண்டு.
எந்தக் கரையில் வெட்டுகிறாய்?

மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும்.
இதைச் சொல்லிக்கொடுத்தது
இடது கட்டைவிரல். மூன்று தையல்.

இரண்டாம் ஆண்டு:
ஊரில் உள்ள ஒரு கடையை
இருபத்துநாலில் ஒன்றாக்கு.
நான் எடுத்தது ஃபுட்ஸ்கிரேயில்
பார்க்லி தெருச் சலவைக்கடை.
பதினான்கு இயந்திரங்கள்.
வட்டக் கதவுக்கு
அப்பாவின் மாத்திரை அட்டைக் குமிழ்
அச்சாகப் பொருந்தியது.
அவரோ நாளுக்கு ஒன்றுதான் விழுங்குவார்.
"உன் படிப்புக்காக ரெண்டு போடமாட்டேன்" என்றார்.
பதினான்கு நாள் காத்திருந்தேன்
அவருடைய இரத்த அழுத்தத்தை நம்பி.

கடை முடிந்தது.
எல்லா அளவும் சரி. ஆனாலும்
பொய் என்று முகத்தில் எழுதியிருந்தது.

திரும்பப் போய், துவைக்க ஒன்றுமில்லாமல்
இரண்டு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
அழுக்குக்கும் பழக்கவழக்கம் இருக்கிறது.
கைபடும் இடத்தில் மட்டும் வெண்மை மங்கும்.
காசு போடும் துளைக்குக் கீழே கீறல்,
மேலே இல்லை.
துரு திருகாணியிலிருந்து இறங்கும், ஏறாது.

துருநிறத்தின் மேல் சமையல் உப்பைத் தூவி
வெள்ளை அடித்து, காய்ந்ததும் உப்பைச் சுரண்டினால்
பத்து வருடம் ஒரே மாலையில் வந்துவிடும்.
தூசியைத்தான் சிறிதாக்க முடியவில்லை.
மேசையில் விழுந்த ஒரு துகள்
உள்ளே புகுந்தால் கூழாங்கல்.

ஜூன் காற்று ஒரு ராத்திரியில்
பெயர்ப்பலகையின் ஏழு எழுத்தில்
ஆர் எழுத்தைக் கழற்றிக்கொண்டு போனது.
என் மாதிரியில் ஆர் இருந்தது, ஒன்றரை சென்டிமீட்டர்.
கத்தியை எடுத்தேன்.
வைத்தேன்.

கடைக்கார துயெத்திடம் படத்தைக் காட்டினேன்.
விரலால் விரித்து, கண்ணைச் சுருக்கி,
"இது எந்த வருஷம் எடுத்தது?
எழுத்து இருக்கே" என்றார்.
அந்த ஒரு கேள்விக்கு
எந்த மதிப்பெண்ணும் ஈடில்லை.
உண்மையைச் சொன்னேன்.
போனைத் திருப்பிக் கொடுத்தார்.
"அப்ப பெருசா ஒண்ணு செய்."

ஒன்றுக்கு ஒன்று.
அந்த அளவில் நான் எதையும் செய்ததில்லை.
சிறியதற்குப் பசை போதும்.
பெரியதற்கு எடை உண்டு, காற்று உண்டு,
ஏணிக்கு நகராட்சி அனுமதி உண்டு.
முதல் வார்ப்பில் குமிழி. இரண்டாவது வளைந்தது.
மூன்றாவதைத் தேய்த்தேன்,
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு
என்று காகிதம் மாற்றி மாற்றி.
பளபளத்தது. அதன்மேல்
உப்பைத் தூவினேன்.

நான்கு திருகு. ஏணியிலிருந்து இறங்கி
தெருவைக் கடந்து நின்று பார்த்தேன்.
எது என்னுடையது என்று
ஒரு நொடி தேடவேண்டியிருந்தது.

துயெத் தேடவில்லை.
"புதுசு கேட்டேன். ஏன் அழுக்கா இருக்கு?"
"பக்கத்து எழுத்துகளைப் பாருங்க."
பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.
முப்பது வருடம் ஊர்த்துணி வெளுத்தவருடைய கோபம்
முகத்தில் ஏறியது.
உள்ளே போனார்.
வாளியோடும் பிரஷோடும் வந்து
ஏணியைப் பிடி என்றார்.

பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஒவ்வொன்றாய் ஆறும் வெளுத்தன.
என்னுடையதை மட்டும் தேய்த்தார், தேய்த்தார்,
நுரை என் சட்டைக்கையில் வழிந்தது.

மேட் வார்னிஷ். மூன்று பூச்சு.
போகவே போகாது.